சவேரியாரும் யமகுச்சி மக்களின் கண்ணீரும்

எங்கள் ஊர்க் கோயிலில் சவேரியார் திருநாளுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் வீட்டிலிருந்து முதலில் புறப்படுபவள் என் ஆச்சிதான். அம்மாவைப் பெற்றவள். ஆனால் அவள் கிறிஸ்தவள் அல்லள். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, தேரிக்காட்டு ஓரத்தில் பனையேறும் குடும்பத்தில் பிறந்தவள். என் அம்மா கடற்கரையில் வாழ்க்கைப்பட்டு ஞானஸ்நானம் பெற்றாள். தாத்தா இறந்தபின் மகளோடு வந்து தங்கிய ஆச்சி பெறவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் மாடத்தில் அம்மனுக்கு விளக்கு ஏற்றுவாள். டிசம்பர் 3 அன்று கை நிறைய உப்பும் மிளகும் கொண்டுபோய்ச் சவேரியார் சுரூபத்தின் காலடியில் கொட்டுவாள். இரண்டுக்கும் நடுவே ஏதோ வழக்கு இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் ஓலைப்பெட்டி முடைந்து விற்ற காசில்தான் நான் மேல்நிலை வகுப்புவரை படித்தேன். எங்கள் இரு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டு இரண்டாம் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது அவள் கண்ணை மூடினாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று பாடம் நடந்தது. நான் எழுந்து ஆச்சியைப் பற்றிக் கேட்டேன். கிடைத்த பதில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் நரகம். அன்றிரவு அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்கினேன். ஏன் என்று அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்க்கை வரலாறு ஒன்று கைக்குக் கிடைத்தது. எங்கள் கடற்கரையில் அவருடைய பெயரில்லாத தெரு இல்லை. ஆயினும் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புதுமைகள் மட்டுமே. அந்நூலில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, ஜப்பான் நாட்டில், நான் கேட்ட அதே கேள்வியை அதே சவேரியாரிடம் சிலர் கேட்டு அழுத செய்தியைக் கண்டேன். அன்று முதல் அவரைத் தேடித்தேடிப் படித்தேன். இயற்பியல் மாணவனுக்கு இது வேண்டாத வேலை என்று விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சவேரியார் கி.பி. 1506 ஏப்ரல் 7 அன்று நவார் நாட்டில், இன்றைய வட ஸ்பெயினில், சவேர் என்னும் கோட்டை வீட்டில் பிறந்தார். தந்தை அந்நாட்டு அரசவையின் தலைவர். வீட்டின் கடைக்குட்டி சவேரியார். ஆறு வயதானபோது, 1512இல், காஸ்டில் அரசு நவாரைப் பிடித்துக்கொண்டது. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே வெற்றி பெற்றவர்கள் கோட்டையின் மதில்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அண்ணன்மார் தோற்ற கட்சியில் நின்று போரிட்டவர்கள். ஆக, நாம் நினைப்பதுபோல அவர் வளமான சீமான் வீட்டுப் பிள்ளையாக வளரவில்லை. பெயர் பெரிது, சுவர் இடிந்தது என்ற நிலைமை. படித்துப் பதவிக்கு வந்து குடும்பத்தை நிமிர்த்த வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் 1525இல் அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்த இடத்தைப் படித்தபோது அவர் எனக்கு மிகவும் நெருங்கிவிட்டார்.

அங்கே புனித பார்பரா கல்லூரியில் அவருக்கு அறைத் தோழர் பீட்டர் பேபர், சவாய் நாட்டில் ஆடு மேய்த்த குடியானவரின் மகன். 1529இல் அதே அறைக்கு இன்னொருவர் வந்தார். வயதில் 15 ஆண்டு மூத்தவர், ஒரு கால் நொண்டி, பழைய போர்வீரர். அவரே இஞ்ஞாசியார். அந்தக் கால் ஒடிந்தது 1521இல் பாம்பலோனா முற்றுகையில். கோட்டையைக் காத்து நின்றவர் இஞ்ஞாசியார். முற்றுகையிட்ட பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றவர்கள் சவேரியாரின் அண்ணன்மார். விதி இப்படியும் இருவரை ஒரே அறையில் பாய் விரிக்க வைக்கும்! சவேரியார் எளிதில் மசியவில்லை. விளையாட்டில் முதல்வர், பட்டம் பெற்று மெய்யியல் கற்பிக்கவும் தொடங்கியவர், இந்த முதிய மாணவரைப் பார்த்து நெடுநாள் நகைத்தார். மூன்று நான்கு ஆண்டுகள் ஆயின. பிறகு திரும்பியவர் திரும்பியவரே. 1534 ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்ர் குன்றின் சிறு கோயிலில் எழுவர் ஏழ்மையும் கற்பும் வாக்களித்தனர். அதுவே இயேசு சபையின் வித்து. 1537இல் வெனிஸ் நகரில் குருப்பட்டம். 1540இல் போர்ச்சுகல் மன்னர் இந்தியாவுக்கு ஆள் கேட்டார். போக வேண்டியவர் நோயில் விழவே, எழுத்து வேலைக்காக ரோமில் இருந்த சவேரியார் ஒரு நாள் அவகாசத்தில் புறப்பட்டார். 1541 ஏப்ரல் 7 அன்று, தம் 35ஆம் பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பலேறினார். கோவா வந்து சேர்ந்தது 1542 மே 6. பதின்மூன்று மாதப் பயணம்.

அதே ஆண்டு அக்டோபரில் அவர் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்குள்ள பரதவர் 1535 முதல் 1537 வரையில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் தமக்கு நேர்ந்த நெருக்கடிக்குப் போர்ச்சுகீசியர் பாதுகாப்பை நாடிய சூழலில் நடந்தது அது. தலையில் நீர் ஊற்றியவர்கள் போய்விட்டார்கள். வேதம் இன்னதென்று தமிழில் சொல்லுவார் இல்லை. சவேரியார் இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கச் செய்து, பொருள் முழுதும் விளங்காமலே மனப்பாடம் பண்ணினார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை நேர்ந்துவிட்டது. விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்று வந்துவிட்டது! கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. 1544இல் சவேரியாரே இதைக் கண்டுபிடித்துத் தம் துணைவருக்கு எழுதித் திருத்தச் சொன்னார். திருத்தியது சரிதான். ஆனாலும் முதலில் சொன்னது அப்படியொன்றும் மோசமில்லை என்று எனக்குப் படுகிறது.

அவர் ஓயாமல் உழைத்தார். ஊர் ஊராக ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து, குரலும் எழாமல் போனதை அவரே எழுதியிருக்கிறார். 1544 கோடையில் வடுகர் படை கடற்கரை ஊர்களைக் கொள்ளையிட்டபோது மக்கள் குமரிமுனைப் பக்கத்துக் கடற்பாறைகளில் ஏறித் தண்ணீரின்றித் தவித்தார்கள். சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. நாட்கணக்கில் போராடியும் முடியாமல் மணப்பாட்டுக்குத் திரும்பி, பிறகு கால்நடையாகவே போய் அவர்களைப் பார்த்தார். எங்கள் ஊரில் இன்றும் அவரை நினைப்பது இதற்காகத்தான் என்று நான் எண்ணுவதுண்டு.

ஆனால் அவர் ஏன் அப்படி ஓடினார்? இங்கேதான் என் கேள்வியும் அவருடைய வாழ்வும் முட்டிக்கொள்கின்றன. ஞானஸ்நானம் பெறாமல் இறப்பவர் இழக்கப்பட்டவர் என்று அவர் உறுதியாக நம்பினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய மடலில், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஓடிப்போய்ப் பித்தனைப்போலக் கத்த வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். அங்கே படித்தவர்கள் சும்மா இருப்பதால் இங்கே எத்தனையோ ஆன்மாக்கள் நரகத்துக்குப் போகின்றன என்பது அவருடைய ஆற்றாமை. எரியும் வீட்டில் குழந்தை இருப்பதாக நினைப்பவன் ஓடுகிற ஓட்டம் அது. அவருடைய அன்பும் அச்சமும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது.

அவரிடம் எனக்கு வருத்தங்களும் உண்டு. மறைக்கல்விப் பிள்ளைகள் தங்கள் வீட்டார் வணங்கிய உருவங்களை உடைத்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஆச்சியின் மாடத்து விளக்கை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்கு முடியவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போனேன். 1546இல் கோவாவில் விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்ச்சுகல் மன்னருக்கு எழுதியவரும் அவரே. அவர் இறந்து எட்டாண்டுக்குப் பின், 1560இல், அது வந்தது. பலருக்குத் துன்பம் விளைத்தது. போர்ச்சுகீசிய அதிகாரிகள் ஏழைகளைச் சுரண்டுவதை அஞ்சாமல் கண்டித்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1545இல் மயிலாப்பூரில் தோமையார் கல்லறையில் சில மாதம் செபித்துவிட்டுக் கிழக்கே போனார். மலாக்கா, அம்போன், தெர்னாத்தே என்று இரண்டு ஆண்டுகள். 1547 டிசம்பரில் மலாக்காவில் ஒரு ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். பெயர் அஞ்ஜிரோ. ககோஷிமா ஊரினர், ஒரு கொலைப்பழிக்கு அஞ்சித் தப்பி வந்தவர், மனம் அமைதியின்றி அலைந்தவர். உங்கள் நாட்டார் என் சொல்லைக் கேட்பார்களா என்று சவேரியார் வினவ, அவர்கள் உடனே சேரமாட்டார்கள், நிறையக் கேள்வி கேட்பார்கள், பிறகு நீர் சொல்வதும் நடப்பதும் ஒன்றா என்று பார்ப்பார்கள் என்றாராம். இந்த விடை சவேரியாரை ஈர்த்துவிட்டது. 1549 ஆகஸ்டு 15 அன்று, மோன்மார்த்ர் வாக்குறுதிக்குச் சரியாகப் பதினைந்தாம் ஆண்டில், கோஸ்மே தெ தோரஸ், ஹுவான் பெர்னாண்டஸ் என்னும் இரு துணைவரோடும் அஞ்ஜிரோவோடும் ககோஷிமாவில் இறங்கினார்.

அங்கே அவர் முதன்முறையாகக் கேள்வி கேட்கும் மக்களைக் கண்டார். மற்ற இடங்களில் கேள்வியே எழவில்லை என்பதன்று; மற்ற இடங்களில் அவருக்கு உட்கார்ந்து கேட்க நேரமில்லை, போதிய மொழியுமில்லை. இங்கேயும் முதலில் மொழி இல்லை. தாங்கள் அம்மக்கள் நடுவே சிலைகளைப்போல நிற்பதாக எழுதினார். நிஞ்ஜித்சு என்னும் முதிய பௌத்த மடத்தலைவர் அவருக்கு நண்பரானார். ஆன்மா அழியாததா என்று இருவரும் பலமுறை பேசினார்கள். அம்முதியவர் ஒருநாள் ஆம் என்பார், ஒருநாள் இல்லை என்பார். இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு அன்பு குறையவில்லை. மொழியும் மீண்டும் வழுக்கியது. அஞ்ஜிரோ சொன்னபடி கடவுளுக்கு தைனிச்சி என்ற பெயரை வழங்கினார்கள். அது பௌத்தத்தின் ஒரு பிரிவினர் போற்றும் புத்தரின் பெயர் என்பது பின்னரே தெரிந்தது. இவர்கள் நம் ஆட்களே என்று துறவிகள் முதலில் அன்போடு வரவேற்றதற்கு அதுவே காரணம். அதன்பின் தேயுசு என்ற இலத்தீன் சொல்லையே ஜப்பானிய நாவில் உருட்டினார்கள்.

1551 சனவரியில் தலைநகர் கியோத்தோவுக்குப் பனியில் நடந்து போய், பேரரசரைக் காண முடியாமல் திரும்பினார். கந்தல் உடையில் போனால் மதிப்பில்லை என்று தெரிந்துகொண்டு, யமகுச்சி நகரத் தலைவர் ஓஉச்சி யோஷித்தாக்காவிடம் நல்லுடையில், கடிகாரம், இசைக்கருவி முதலிய பரிசுகளோடு போனார். அவர் போதிக்க உரிமையும், ஆளில்லாதிருந்த ஒரு மடமும் கொடுத்தார். அங்கே காலையிலிருந்து இரவுவரை ஆட்கள் வந்தார்கள். துறவிகள், வீரர்கள், வணிகர்கள், பெண்கள். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் திருமுழுக்குப் பெற்றார்கள்.

சேருமுன் அவர்களுக்குப் பெரிய ஐயம் ஒன்று இருந்தது. கடவுள் நல்லவர், எல்லாரையும் படைத்தவர் என்றால், நீங்கள் வரும்வரை எங்களுக்கு ஏன் தம்மைக் காட்டவில்லை? அவரை அறியாமல் செத்துப்போன எங்கள் முன்னோர் எல்லாரும் நரகத்தில் என்றால், அவர் இரக்கமுள்ளவர் என்பது எப்படி? அவர்களுடைய சமயங்களில் நரகத்தில் கிடப்பவரைக்கூட மீட்கும் வழி சொல்லப்பட்டிருந்தது. புத்தரை அழைத்தால் போதும். அதனோடு ஒப்பிட்டால் இந்தப் புதிய கடவுள் இரக்கத்தில் குறைந்தவராகத் தெரிந்தார்.

சவேரியார் சொன்ன விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உங்கள் சமயங்கள் சீனாவிலிருந்து வருவதற்கு முன்னும் உங்கள் முன்னோருக்குக் கொலை தவறு, களவு தவறு, பொய்ச்சான்று தவறு என்று தெரியும். மலையில் தனியே வளர்ந்து எழுத்தே அறியாத ஒருவனைக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். அவனுக்குக் கற்பித்தவர் யார்? படைத்தவரே எல்லார் நெஞ்சிலும் தம் கட்டளையை எழுதி வைத்தார். ஆகவே அவர் யாரையும் விட்டுவிடவில்லை. இது நல்ல விடை. கேட்டவர்கள் மனநிறைவு பெற்றார்கள், பலர் சேர்ந்தார்கள்.

சேர்ந்தபின் அடுத்த கேள்வி வந்தது. இப்போது கேட்டவர்கள் எதிராளிகள் அல்லர். அவருடைய சொந்தப் பிள்ளைகள். எங்கள் தாய் தந்தை, மனைவி, பிள்ளைகள் இறந்துவிட்டார்களே, தானம் செய்து, செபம் சொல்லி அவர்களை மீட்க வழி உண்டா என்றார்கள். இல்லை என்றார் சவேரியார். நரகத்திலிருந்து மீட்பு இல்லை என்றார். அவர்கள் அழுதார்கள். மறுநாளும் கேட்டார்கள், அதே விடை, அதே அழுகை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? 1552 சனவரியில் கொச்சிக்குத் திரும்பி வந்து சவேரியாரே எழுதிய நீண்ட மடலில் இருக்கிறது. அதில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தாம் மிகவும் நேசித்த அந்த நண்பர்கள், மாற்றில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்த்துத் தமக்கும் நெஞ்சு வலித்தது என்று. நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. கருவி காட்டிய அளவை அப்படியே குறிக்க வேண்டும். கோட்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று அழித்து எழுதக் கூடாது. சவேரியார் தம் கோட்பாட்டை மாற்றவில்லை. ஆனால் அதற்குப் பொருந்தாத தம் வலியை அழிக்காமல் குறித்து வைத்தார். அவர் அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

கேள்விக்கும் விடைக்கும் நடுவே ஒரு படி விட்டுப்போயிருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நெஞ்சில் எழுதிய கட்டளை கடவுளுடையது என்றால், அதைக் கேட்டு நடந்தவன் கடவுளையே கேட்டு நடந்தவன் ஆகிறானே? அவனை எப்படித் தள்ளுவது? சவேரியார் கதவைத் திறந்து காட்டினார். தாமே அதில் நுழையவில்லை.

அதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்னும் வாய்பாடு மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன் காலத்திலிருந்து வருவது. அவர் மனத்தில் இருந்தவர்கள் திருச்சபையை அறிந்தும் பிளந்து வெளியே போனவர்கள். பிறகு அது விரிந்துகொண்டே போயிற்று. 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின் ஆணை, புறச்சமயத்தார், யூதர், பிரிந்துபோனோர் எவரும் சாவதற்குமுன் திருச்சபையில் சேராவிட்டால் நிலைவாழ்வு இல்லை என்று கடுமையாக உரைத்தது. உலகெங்கும் நற்செய்தி எட்டிவிட்டது, எட்டியும் ஏற்காதவர் தம் குற்றத்தால் ஏற்காதவர் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1492இல், கொலம்பஸ் அக்கரையில் இறங்கினார். கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத ஒரு பெருநிலம்! சலமன்கா பல்கலைக்கழகத்துத் துறவியர் அதன்பின் உறங்கவில்லை. அறியாமை குற்றமாகுமா என்று வாதிட்டார்கள். சவேரியார் கிழக்கே இருந்த 1547இல் திரெந்து பொதுச்சங்கம், ஞானஸ்நானம் மட்டுமின்றி அதன்மீதுள்ள விருப்பமும் பயன்தரும் என்று கூறியது. அதற்கும் முன்னே, 13ஆம் நூற்றாண்டில், தாமஸ் அக்குவினாஸ் காட்டில் வளர்ந்த ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். அவன் நெஞ்சின் வழி நடந்தால் கடவுள் உள்ளொளியாலோ ஒரு போதகரை அனுப்பியோ அவனைக் கைவிடமாட்டார் என்றார். சவேரியாரின் மலைமனிதனும் இவனுக்கு உறவுதான்.

விடை முதிர நெடுங்காலம் ஆயிற்று. 1863இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர், தம் குற்றமின்றி உண்மைச் சமயத்தை அறியாதவர்கள், நெஞ்சில் எழுதிய இயற்கைச் சட்டத்தைக் கைக்கொண்டு நேர்மையாய் வாழ்ந்தால், இறையருளால் நிலைவாழ்வு அடையக்கூடும் என்று எழுதினார். பழைய வாய்பாட்டையும் அவர் விடவில்லை. 1940களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெனார்டு பீனி என்னும் குரு, வெளியே இருப்பவர் எவருக்கும் வழியே இல்லை என்று விடாப்பிடியாகப் போதித்தார். 1949இல் ரோம் அது தவறான பொருள் என்று மடல் விடுத்தது. அவர் பணியவில்லை. 1953இல் அவரே திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். 1972இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வெளியே மீட்பு இல்லை என்று சொல்லிச் சொல்லியே வெளியே போன மனிதர்! 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் தெளிவாகவே சொன்னது: தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்கள், நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டும் வழியில் அருளின் துணையால் நடந்தால் மீட்படையலாம். அந்த மீட்பும் கிறிஸ்துவின் வழியாகவே வருகிறது என்பதையும் திருச்சபை விட்டுக்கொடுக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ரோம் வெளியிட்ட ஓர் அறிவிப்பில் இதை மீண்டும் அழுத்திச் சொன்னது. இது முரண்பாடு என்பாரும் உண்டு, வளர்ச்சி என்பாரும் உண்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 1551இல் யமகுச்சியில் கேட்ட கேள்விக்கு 1964இல் விடை வந்தது. 413 ஆண்டுகள். எங்கள் மறைக்கல்வி வகுப்புக்கு அது அன்றும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

சவேரியார் ஜப்பானிலிருந்து தலை நரைத்துத் திரும்பினார். வயது 45. அங்கே அவருக்கு ஒரு கேள்வி அடிக்கடி எறியப்பட்டிருந்தது: இது உண்மையானால் சீனருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆகவே சீனாவுக்கே போய்விடுவது என்று துணிந்தார். மலாக்காவில் வாஸ்கோ ட காமாவின் மகன் தலைவராக இருந்து தூதுப் பயணத்தைத் தடுத்தார். சவேரியார் எப்படியோ 1552 செப்டம்பர் வாக்கில் சீனக் கரைக்கு எதிரே உள்ள சாங்சுவான் தீவை அடைந்தார். அயலார் உள்ளே போனால் சிறை அல்லது சாவு என்ற காலம். சீன வணிகர் ஒருவர் இரவோடிரவாகக் கந்தோன் நகரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். பேசிய கூலி மிளகு. அந்த மரக்கலத்துக்காக நாள்தோறும் கரையில் நின்று பார்த்தார். அது வரவில்லை. குளிர் வந்தது, மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. நவம்பர் 21 முதல் காய்ச்சல். அந்தோனி என்னும் சீனக் கிறிஸ்தவ இளைஞர் கடைசிவரை பக்கத்தில் இருந்தார். டிசம்பர் 3 விடியுமுன் உயிர் பிரிந்தது. 46 வயது. சுண்ணாம்பு இட்டுப் புதைத்தார்கள். பின்னர் உடலை எடுத்து மலாக்காவுக்கும், 1554 மார்ச்சில் கோவாவுக்கும் கொண்டுவந்தார்கள். 1614இல் வலக்கையின் ஒரு பகுதியை ரோமுக்கு எடுத்துச் சென்றனர். சோர்ந்துபோனதாக எழுதினாரே, அந்தக் கைதான். 1622இல் அவரும் பழைய அறைத் தோழர் இஞ்ஞாசியாரும் ஒரே நாளில் புனிதர் ஆயினர்.

சென்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பூசையில் நினைக்க வேண்டிய இறந்தோர் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அம்மா தாத்தா பெயரும், கடலில் போன சித்தப்பா பெயரும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டாள். ஆச்சிக்கு அம்மன் பெயர். அதைக் கோயிலில் வாசிக்கலாமா என்பது அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். நான் 1964ஐச் சொன்னேன். யமகுச்சியையும் சொன்னேன். சவேரியார் முடியாது என்றா சொன்னார் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆம், ஆனால் சொல்லிவிட்டு வருந்தினார் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கும், நீயே எழுது என்று தாளை என்னிடம் தள்ளினாள்.

பங்குச் சாமியார் அந்தோணியம்மாளுக்கும் அருளப்பனுக்கும் நடுவே அந்தப் பெயரை ஒரு தடங்கலுமின்றி வாசித்தார். டிசம்பர் 3 அன்று உப்பும் மிளகும் அம்மா கொண்டுபோனாள்.